கார் தொலைபேசி: பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துதல்

கார் தொலைபேசி என்பது தொழிற்சாலையிலோ பின்னரோ வண்டிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட தொலைபேசி. முன் இருக்கைகளுக்கு நடுவே சுருள் வயரோடு ஒரு ரிசீவர் இருக்கும். அலைகளை வாங்கி அனுப்பும் பெட்டி டிக்கியிலும், ஏரியல் கூரையிலோ பின் கண்ணாடியிலோ, மைக் கூரை விளக்கின் பக்கத்திலும் இருக்கும். சட்டைப்பை செல்பேசி வந்தபின் இந்த ஏற்பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை எடுத்துவிட்டுப் புளூடூத் வழியாகப் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியைப் பொருத்துவது பற்றியது இக்கட்டுரை. திருநெல்வேலி டவுண், ஜங்ஷன், பாளையங்கோட்டை, அங்கிருந்து பாபநாசத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் சாலைகள் ஆகியவற்றில் வண்டி ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

வரலாறு

1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் காருக்கான தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கருவியின் எடை சுமார் 36 கிலோ. ஒரு நேரத்தில் நகரம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பேச முடிந்தது. இணைப்பை ஆபரேட்டர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். 1983 அக்டோபரில் சிகாகோவில் செல்லுலார் முறையில் வணிகச் சேவை தொடங்கியபோதும் முதல் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காருக்குள் வைத்தே பேசினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி போன்ற நிறுவனங்கள் தொலைபேசியைக் காரோடு சேர்த்தே விற்றன.

இந்தியாவில் கதை வேறு. இங்கே பழைய அனலாக் செல்லுலார் வலையமைப்பு வணிகச் சேவையாக வரவே இல்லை. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியிலிருந்த சுக்ராமுடன் பேசிய முதல் செல்பேசி அழைப்பே ஜி.எஸ்.எம். என்ற டிஜிட்டல் முறையில் நடந்தது. எனவே அமெரிக்க அனலாக் தொலைபேசியோடு இங்கு வந்து சேர்ந்த கார் எதுவானாலும், அதன் ரிசீவர் வந்த நாளிலிருந்தே ஊமைதான். ஐரோப்பிய ஜி.எஸ்.எம். தொலைபேசி உள்ள கார்கள் மட்டும் இங்கே சிம் போட்டுப் பேசும் தகுதியுடன் வந்தன.

செல்பேசிச் சேவைக்காகச் சென்னை தனி வட்டமாகவும் மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டமாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. திருநெல்வேலி இரண்டாவதில் சேர்ந்தது. சென்னையில் 1995-லேயே ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகியவை வந்துவிட்டன. மீதித் தமிழ்நாட்டில் பி.பி.எல். மொபைல், 1999-இல் ஏர்செல், 2002-இல் பி.எஸ்.என்.எல். என்று சேவை பரவியது. வருகிற அழைப்புக்கும் காசு என்ற நிலை 2003-இல் மாறிய பிறகுதான் செல்பேசி எல்லார் கைக்கும் வந்தது. காரோடு பிணைந்த தொலைபேசி பரவுவதற்கு நெல்லையில் இடமே இருக்கவில்லை. இந்தப் பக்கத்துச் சாலைகளில் அதைப் பார்க்க முடிந்தால், பெருநகரங்களில் ஓடிப் பல கை மாறி வந்த வெளிநாட்டுக் காரில்தான் பார்க்கலாம்.

ஊமையாகும் காரணம்

கருவி கெடுவதைவிட வலையமைப்பு போய்விடுவதே அடிக்கடி நடப்பது. அமெரிக்காவில் 2008 பிப்ரவரியோடு அனலாக் சேவையை நடத்த வேண்டிய கட்டாயம் நீங்கியது. அந்தக் காலக் கார் தொலைபேசிகள் பெரும்பாலும் ஒருசேர நின்றன. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி எனப்படும் ஜி.எஸ்.எம். சேவை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2ஜி இன்னும் இருக்கிறது. ஆனால் 2016-இல் வந்த ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே இல்லாததால் அந்த சிம்மைப் பழைய கார் தொலைபேசியில் போட்டால் பயன் இல்லை. தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018-இல் மூடப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் எண்ணை மாற்ற அலைந்ததை இந்த மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய கருவிக்கு ஒரு மேன்மை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஜி.எஸ்.எம். 900 அலைவரிசையில் கையடக்கச் செல்பேசியின் உச்சத் திறன் 2 வாட். வண்டியில் பொருத்தும் வகைக்கு 8 வாட் வரை அனுமதி இருந்தது, அதோடு தகரக் கூட்டுக்கு வெளியே ஏரியலும் இருந்தது. மணிமுத்தாறு, பாபநாசம் மலைச்சாலைகளில் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும் இடங்களில் இந்த வேறுபாடு தெரியும். புளூடூத் கருவி இந்தக் குறையைத் தீர்க்காது. அது பேச்சைக் காரின் ஸ்பீக்கருக்குக் கொண்டு வருவதோடு சரி. சிக்னலைப் பிடிப்பது சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியேதான்.

கழற்றும் வேலை

ரிசீவரையும் அதன் தாங்கியையும் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. டிக்கியில் இருக்கும் பெட்டிக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம். அதை அப்படியே விட்டால், சில நாள் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கி, அந்தப் பெட்டிக்குப் போகும் ஃபியூஸைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

இரண்டாயிரத்தை ஒட்டி வந்த உயர்விலைக் கார்கள் சிலவற்றில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மெர்சிடிஸில் டி2பி, பின்னர் பல நிறுவனங்களில் மோஸ்ட் என்ற ஒளியிழை இணைப்பில் செட், ஆம்ப்ளிஃபையர், தொலைபேசி எல்லாம் மாலை கட்டியதுபோல ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருக்கும். தொலைபேசிப் பெட்டியை மட்டும் உருவினால் வளையம் அறுந்து, பாட்டும் நின்றுபோகும். உள்ளே வரும் இழையையும் வெளியே போகும் இழையையும் நேராகச் சேர்க்கும் சிறு மூடி ஒன்று இதற்கென்றே கிடைக்கிறது. அதைச் சொருகினால் மறுபடி பாடும். ஒளியிழையைச் சுருக்கென்று மடித்தால் ஒளி கசியும். அதை வயரைப்போல முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றக் கூடாது.

சாதாரண வண்டிகளில் வேலை எளிது. வெளிச்சந்தை செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். அழைப்பு வரும்போது பாட்டை நிறுத்தும் மியூட் வயரும் பல செட்டுகளில் உண்டு. ஐ.எஸ்.ஓ. 10487 கப்ளரில் நிலையான மின்சாரம் நான்காம் காலிலும், சாவி மின்சாரம் ஏழாம் காலிலும் வரும். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் இவை இடம் மாறியிருக்கும். மாற்றத்தைக் கவனிக்காமல் சொருகினால், ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் கருவி பதிந்து வைத்ததையெல்லாம் மறந்து, செல்பேசியோடு மறுபடி ஜோடி சேர்க்கச் சொல்லும். கருவியில் கோளாறு என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும் முன் டெஸ்ட் விளக்கை வைத்து இந்த இரண்டு கால்களைப் பார்த்துவிடுவது நல்லது. வயரை வெட்டிச் சேர்ப்பதைவிட, அந்த வண்டிக்குரிய கப்ளர் வாங்கிச் சொருகுவதே சரி. நாளை வண்டியை விற்கும்போது எல்லாவற்றையும் பழையபடி வைக்கலாம்.

கருவிகளும் மைக்கும்

புளூடூத் அமைப்பு 1998-இல் உருவானது. பிரான்ஸின் பாரட் நிறுவனம் சி.கே.3100 போன்ற கருவிகளைக் கொண்டுவந்து, காருக்குள் கை படாமல் பேசுவதைப் பரவலாக்கியது. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005-இல் அறிவித்தது. இன்று பலர் செட்டையே மாற்றிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே உள்ள அகலச் செட்டுக்கு 180 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இடம் போதும்.

சிகரெட் லைட்டரில் சொருகி எஃப்.எம். வழியாகப் பேச்சை ஒலிக்கும் கருவி மலிவானது. ஆனால் சூரியன், ஹலோ போன்ற நிலையங்கள் ஒலிக்கும் ஊரில் காலி அலைவரிசை பார்த்து வைக்காவிட்டால் பேச்சுக்கு நடுவே பாட்டு நுழையும். வெயில் மறைப்பில் மாட்டும் கருவிக்கு வயர் வேலை இல்லை. அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி, நெல்லை வெயிலில் மூடி நிறுத்திய காரின் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் பேச்சின் தரத்தை முடிவு செய்வது மைக். பழைய தொலைபேசியின் மைக்கை அப்படியே புதியதில் இணைக்க முடியும் என்று நம்ப வேண்டாம். இரண்டுக்கும் வேண்டிய மின்னழுத்தம் வேறாக இருக்கலாம். ஆனால் பழைய மைக் இருந்த துளையையும் வயர் போன வழியையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாய்க்கு நேராக, ஏ.சி. காற்று படாத இடத்தைத் தொழிற்சாலைக்காரர்கள் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருக்கிறார்கள். டேஷ்போர்டின்மேல் ஒட்டினால் வெயிலில் டேப் இளகிவிடும், ஏ.சி. இரைச்சலும் சேரும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும். சரியாகப் பொருத்திவிட்டோமா என்று பார்க்க நாங்குநேரி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் போதும். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றில், கண்ணாடியை ஏற்றிவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது மறுமுனையில் தெளிவாகக் கேட்டால் மைக் சரியான இடத்தில் இருக்கிறது.

சட்டமும் கவனமும்

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியை ஆபத்தான ஓட்டுதலுக்குள் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இதற்கு அபராதம் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய்.

கையை விடுவித்தாலும் கவனம் விடுபடுவதில்லை. 1997-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கனடா ஆய்வு, செல்பேசியில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காத கருவி அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றும் கண்டது. எனவே இந்தக் கருவியைப் பொருத்துகிறவர்கள் அதை நான்கு வழிச்சாலையில் இரண்டு வார்த்தை சொல்லி முடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி டவுணுக்குள் இறங்கும்போதும், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் ஆட்களுக்கு நடுவே ஊரும்போதும் மணி அடித்தால் அடிக்கட்டும். அழைத்தவர் எண் திரையில் இருக்கும். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.