கட்டம் போட்டது யார்?

ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையைப் படிக்காமல் பி.காம். தாண்டியவர்கள் யாரும் இருக்க முடியாது. ஒரு குண்டூசி செய்யும் வேலையைப் பதினெட்டாகப் பிரித்துக்கொண்டால், பத்து பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்துவிடலாம் என்று 1776-ல் அவர் எழுதினார். வேலைப் பகிர்வு, ஐந்து மார்க், மனப்பாடம், முடிந்தது. ஆனால் இதே கதை தையல் ஊசிக்கும் நடந்திருக்கிறது என்பதை நம் புத்தகங்கள் சொல்வதில்லை. அங்கே பிரித்தது பதினெட்டாக அல்ல, இரண்டாக. யோசிப்பவர் ஒருவர், குத்தி இழுப்பவர் இன்னொருவர். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில், நீடில்பாயிண்ட் என்றால் என்ன? கண்ணி கண்ணியாக ஓட்டை தெரியும் கான்வாஸ் துணியை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கண்ணியையும் கம்பளி நூலால் மூடிக்கொண்டே போவது. சேலையில் பூ போடுகிற எம்ப்ராய்டரியில் துணி வெளியே தெரியும். இதில் தெரியாது, முழுக்க நூல்தான். அதனால்தான் நாற்காலி மெத்தை, முக்காலி, செருப்பின் மேல்பாகம் என்று தேய்மானம் அதிகமான இடங்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. அங்குலத்துக்கு 14 கண்ணி உள்ள கான்வாஸில், ஓர் அடிக்கு ஓர் அடி மெத்தை உறை போடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 168 x 168 = 28,224 தையல். நிமிடத்துக்குப் பத்து தையல் என்றாலும் 47 மணி நேரம். இவ்வளவு உழைப்பைப் போடுகிறவர், என்ன படம் வரவேண்டும் என்று தானே தீர்மானிக்கிறாரா இல்லையா என்பது சின்ன விஷயம் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் ஃபிலிப்சன் என்ற அச்சுப்பட வியாபாரி, கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய தையல் படங்களை விற்க ஆரம்பித்தார். ஒரு கட்டம் ஒரு தையல். கட்டத்தில் என்ன நிறமோ அதே நிற நூல். (நம் தலைமுறைக்கு எளிதாகச் சொன்னால், பிக்சல்.) 1810-ல் விட்டிக் என்ற பெண்மணி, அச்சுப்படம் விற்றுவந்த தன் கணவரிடம் பேசி, இதையே பெரிய தொழிலாக ஆக்கினார். அவர் நல்ல தையல்காரர். தொழில்முனைவோருக்கு உதாரணம் கேட்டால் இவர் பெயரை எழுதலாம், திருத்துகிறவர் ஒரு நிமிடம் முழிப்பார் :)

1831 வாக்கில் லண்டன் ரீஜென்ட் தெருவில் கடை வைத்திருந்த வில்க்ஸ் என்பவர் இந்தப் படங்களையும் கம்பளி நூலையும் இறக்குமதி செய்தார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் தையல் என்றாலே 'பெர்லின் வேலை' என்று ஆகிவிட்டது. 1842-ல் மிஸ் லாம்பர்ட் எழுதிய தையல் கையேட்டில், முப்பது வருடத்துக்குள் சுமார் 14,000 படங்கள் வெளிவந்ததாகக் கணக்கு இருக்கிறது. பூங்கொத்து, கிளி, நாய்க்குட்டி. டாவின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 1856-ல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததும் நிறங்கள் கண்ணைப் பறிக்க ஆரம்பித்தன.

இதை மட்டமாகப் பேசுவது சுலபம். அப்போதே பேசினார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். படம் வரையத் தெரியாத லட்சக்கணக்கான பெண்களுக்கு அழகான ஒன்றைத் தன் கையால் முடிக்கும் சந்தோஷத்தை இந்தத் தாள் கொடுத்தது, அது பொய்யில்லை. ஆனால் உருவத்தையும் நிறத்தையும் தாளே தீர்மானித்துவிட்ட பிறகு பெண்ணுக்கு மிஞ்சியது எண்ணுவது மட்டும்.

இதற்கு எதிராக எழுந்த முதல் பெரிய முயற்சி, 1872-ல் லேடி விக்டோரியா வெல்பி லண்டனில் தொடங்கிய தையல் பள்ளி. பின்னாளில் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் என்று பெயர் பெற்றது. பழைய தையல் வகைகளை மீட்பது ஒரு நோக்கம், வருமானமில்லாத நடுத்தரக் குடும்பப் பெண்களுக்குச் சம்பளம் வரும் வேலை கொடுப்பது இன்னொன்று. இரண்டுமே நல்ல நோக்கம். ஆனால் டிசைன் யாருடையது? வில்லியம் மோரிஸ், பர்ன்-ஜோன்ஸ், வால்டர் கிரேன் போன்ற பெரிய ஓவியர்களுடையது. பெர்லின் தாள் போய் லண்டன் ஓவியர் வந்தார். வரைந்தவர் பெயர் நிற்கும், தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பழைய பிரிவு அப்படியே இருந்தது.

உண்மையான மாற்றம் வகுப்பறையில் வந்தது என்பதுதான் என் கட்சி. 1894-ல் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் ஜெஸ்ஸி நியூபெரி எம்ப்ராய்டரி வகுப்பு தொடங்கினார். சாதாரண லினன் துணி, எளிய உருவங்கள், மாணவியே டிசைன் போடவேண்டும். அவருடைய மாணவி ஆன் மாக்பெத், மார்கரெட் ஸ்வான்சனோடு சேர்ந்து 1911-ல் பள்ளிகளுக்கான தையல் கல்விப் புத்தகம் எழுதினார். அதுவரை சின்னப் பிள்ளைகளை வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பொடித் தையல் போடவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரிய ஊசி, தடித்த வண்ண நூல், பெரிய தையல் என்று தலைகீழாக மாற்றினார்கள். குழந்தை போடும் தையலின் போக்கிலிருந்தே அலங்காரம் பிறக்கட்டும் என்பது அதன் அடிப்படை. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி தெரியாது. ஆனால் படம் முதலில், தையல் பிறகு என்ற வரிசையை அது கலைத்துப்போட்டது.

கான்வாஸ் தையலுக்கு அந்த மரியாதையைத் திரும்பக் கொண்டுவந்தவர் லூயிசா பெசல். 1870-ல் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். 1903 முதல் 1907 வரை ஏதென்ஸில் தையல் பள்ளியின் இயக்குநர். பிராட்ஃபோர்டில், முதல் உலகப் போரின் அதிர்ச்சியால் நிலைகுலைந்த சிப்பாய்களுக்கு எம்ப்ராய்டரி கற்றுக்கொடுத்தார். துப்பாக்கி பிடித்து நடுங்கிய கைகளில் ஊசி! அதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1931-ல் வின்செஸ்டர் பேராலயத்துக்கு மெத்தைகள் தைக்கும் வேலை தொடங்கியது. ஓவியர் சிபில் பிளன்ட் மெத்தை நடுவில் வரும் வரலாற்றுச் சித்திரங்களை வரைந்தார், பெசல் பார்டர்களையும் தையல்களையும் பார்த்துக்கொண்டார். இங்கேயும் டிசைன் மேலிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெசல் கையில் தாளைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அவரே ஊசிக்காரர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்கள் தைத்துப் பழகிய மாதிரித் துணிகளிலிருந்து தையல் வகைகளைத் தேடி எடுத்தார். தொண்டர்களாக வந்த பெண்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். குறுக்குத் தையல், நீளக்கை குறுக்குத் தையல், அரிசித் தையல் என்று ஒரே மெத்தையில் பல வகை. ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு மாதிரி வாங்கும். ஒரே நீலம் மூன்று நீலமாகத் தெரியும். கட்டத்துக்கு நிறம் நிரப்பும் பெர்லின் தாளில் இது அநேகமாகக் கிடையாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரே தையல்தான்.

1936-க்குள் மண்டியிட்டு ஜெபிப்பதற்கான மெத்தைகள் மட்டும் சுமார் 360 முடிந்தன. தைத்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல. இந்தப் பெண்களை வைத்து டிரேசி ஷெவலியர் 2019-ல் ஒரு நாவலே எழுதினார். மெத்தைகள் இன்னும் அந்தப் பேராலயத்தில்தான் இருக்கின்றன.