வாய்ப்புற்று வேறுபாடு மரபணுவிலா, பழக்கத்திலா? ஆந்திரம் தரும் சான்று

திருப்பதி: தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் எல்லா இனத்தவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. அமெரிக்காவில் இந்நோய்க்கு ஆளாகும் கறுப்பினத்தவர், வெள்ளையினத்தவரைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்கின்றனர். இந்தியாவிலோ வாய்ப்புற்றே பெருஞ்சுமையாக உள்ளது. குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி, உதடு மற்றும் வாய்க்குழிப் புற்றுநோயால் ஓராண்டில் உலகில் புதிதாகப் பாதிக்கப்பட்ட சுமார் 3.9 இலட்சம் பேரில், ஏறத்தாழ 1.44 இலட்சம் பேர் இந்தியர்கள்.

இவ்வேறுபாட்டுக்கு மரபுவழி காரணமா, பழக்கவழக்கம் காரணமா என்ற கேள்விக்கு ஆந்திரப் பிரதேசத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஸ்ரீகாகுளம் உள்ளிட்ட வட கடலோர மாவட்டங்களில், சுட்டா எனப்படும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, இருந்து வந்துள்ளது. தெலுங்கில் இதற்கு 'அட்டபொக' என்று பெயர். 1971இல் வெளியான ஆய்வு ஒன்றில் 10,169 கிராமவாசிகளின் வாய் பரிசோதிக்கப்பட்டது. அவர்களில் கிட்டத்தட்ட 44 சதவீதம் பேரிடம் அப்பழக்கம் இருந்தது. பிற இடங்களில் அரிதான மேல் அண்ணப் புற்றும் அதற்கு முந்தைய மாற்றங்களும் அவர்களிடமே பெரும்பாலும் காணப்பட்டன. ஊரும் மக்களும் ஒன்றே. நெருப்பு இருந்த இடம்தான் வேறு.

கடல் கடந்தும் இதே கதைதான். மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் காணப்படுவது, மக்கள்தொகையில் சிறுபான்மையினரான இந்திய வம்சாவளியினரிடம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத் தொழிலாளர்களாகச் சென்றவர்களுடன் வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமும் உடன் சென்றதையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் காட்டுகின்றனர். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. வெறும் பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் இன்னும் நீடிப்பதால் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது.

அமெரிக்க வேறுபாட்டிலும் மரபணு நேரடிக் காரணமாகத் தெரியவில்லை. தொண்டைப் பகுதிப் புற்றில் எச்.பி.வி. வைரஸால் தோன்றும் வகை, சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும். 2009இல் வெளியான ஆய்வில், தலை, கழுத்துப் புற்று உள்ள வெள்ளையின நோயாளிகளில் 34 சதவீதம் பேரிடமும், கறுப்பினத்தவரில் 4 சதவீதம் பேரிடமும் மட்டுமே அவ்வைரஸ் காணப்பட்டது. உயிர்வாழும் கால இடைவெளியின் பெரும்பகுதியை இதுவே விளக்கியது.

எனினும் மரபுவழியை முற்றாக ஒதுக்கிவிட இயலாது. ஆந்திரத்தின் வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தரப்படும் குறிப்பிட்ட தசைத் தளர்வு மருந்து உடலில் மெதுவாகவே சிதைகிறது; தலைமுறைகளாக உட்குழுவுக்குள்ளேயே மணம் புரிந்ததன் விளைவு இது. வாய்ப்புற்றைப் பொறுத்தவரை, 2013இல் இந்திய அறிவியலாளர் குழு ஈறு, கன்ன உட்பகுதிக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, முன்னர் அறியப்படாத சில மாற்றங்களைக் கண்டறிந்தது. ஆனால் அவை கட்டியில் பிற்பாடு தோன்றியவை. பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. பரம்பரைக் கூறுகளைத் தேட இந்தியர்களின் மரபணுத் தரவு தேவை. சுமார் 10,000 பேரின் தரவைக் கொண்ட ஜீனோம் இந்தியா தொகுப்பு, 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

சித்தூர், திருப்பதி பகுதியில் உடனடிக் கேள்வி வேறு: நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்படுகிறது? சித்தூர் மக்கள் நெடுங்காலமாக எல்லை தாண்டி வேலூர் செல்வது வழக்கம். திருப்பதியில் டாடா அறக்கட்டளை ஆதரவுடன், தேவஸ்தானம் வழங்கிய நிலத்தில் அமைந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் மையம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

கண்டறிவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கண்ணால் பார்த்தே வாயைப் பரிசோதித்தனர். 2005இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மது பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. 30 வயதைக் கடந்தோருக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்ய மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வகை செய்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுமையாகத் திறக்க இயலாமை ஆகியவை இருப்பின், அந்தச் சுற்றுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.