பொன்னின் மாற்று: மலாக்கா நோக்கில் ஒரு குறிப்பு

மலாக்கா நகரில் 'ஜாலான் துக்காங் எமாஸ்', அதாவது பொற்கொல்லர் தெரு, உள்ளது. மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அத்தெருவிலேயே அமைந்துள்ளது. அத்தெரு குறிக்கும் தொழிலின் நுட்பத்தை ஈண்டு நோக்குவோம்.

தூய பொன் மென்மையானது. அணிகலன் உறுதிபெற வெள்ளியும் செம்பும் கலத்தல் வேண்டும். செம்பு மிகின் நிறம் சிவக்கும். வெள்ளி மிகின் வெளிறும். எனவே, கலத்தலினும் கலந்த அளவை மெய்ப்பித்தலே அரிது. மாற்று அறிந்த உரையாணியையும் நகையையும் உரைகல்லில் அடுத்தடுத்து உரைத்துக் கீற்றுகளின் நிறத்தை ஒப்பிடுவது தமிழ்ப் பொற்கொல்லர் மரபு. மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில், தென் தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைத்த, 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமியில் பொறித்த உரைகல் இத்தொழிலின் தொன்மைக்குச் சான்றாகும். அது கி.பி. 3-4ஆம் நூற்றாண்டினது என்பர்.

பொன்னின் தரத்தைக் குறித்த மலாய்ச் சொல்லான 'மூத்து', தமிழ் 'மாற்று' என்பதன் திரிபென அறிஞர் கருதுவர். இன்று அச்சொல் எப்பொருளின் தரத்தையும் சுட்டுகிறது.

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம் மக்கள் இன்று நம்புவது '916' முத்திரையை. ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பதே அதன் பொருள். முத்திரை வந்தபின் உரைகல்லும் அதன் கலைச்சொற்களும் வழக்கொழிந்து வருகின்றன. மலாய்மொழி காத்துவரும் சொல்லின் பொருளைத் தமிழ் மாணவர் அறியாதிருத்தல் தகாது. எஞ்சியுள்ள பொற்கொல்லரிடமிருந்து அச்சொற்களைத் தொகுத்தல் நம் உடனடிக் கடமையாகும்.