பழைய காரில் பிறந்த பவர் ஸ்டீரிங்

பழைய காரில் புதுப் பாகம் ஏற்றுவதைப் பாவமாக நினைப்பவர்கள் உண்டு. வண்டி எந்த வருடத்தியதோ, திருகாணி வரை அந்த வருடத்தியதாகவே இருக்க வேண்டும் என்பார்கள். பவர் ஸ்டீரிங்கைக் கண்டால்தான் அவர்கள் முகம் அதிகம் சுளியும். அந்தப் பவர் ஸ்டீரிங் உருப்பெற்றதே ஏற்கெனவே சில வருடம் ஓடித் தேய்ந்த ஒரு காரில்தான்.

அந்தக் கார் 1921 மாடல் பியர்ஸ்-ஆரோ. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட கனத்த வண்டி. முகப்பு விளக்குகள் மட்கார்டிலேயே முளைத்து நிற்கும். அதே நிறுவனத்தின் லாரிப் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். லாரி ஓட்டுநர்களின் கைபடும் பாடு அவருக்கு நன்றாகத் தெரியும். நின்ற இடத்தில் ஒடிக்க முழு உடம்பையும் கொடுக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டீரிங் திருப்பி உதைக்கும்.

அப்போதெல்லாம் இதற்கு ஒரே வைத்தியம் பல்சக்கர விகிதத்தை மாற்றுவதுதான். கைக்கு லேசாகும், ஆனால் ஒரு திருப்பத்துக்குச் சுற்றோ சுற்று என்று சுற்ற வேண்டும். அவசரத்தில் வண்டி உடனே திரும்பாது. இது போதாதென்று 1923-ல் ஃபயர்ஸ்டோன் பலூன் டயரைக் கொண்டுவந்தது. காற்றழுத்தம் குறைவு, தரையோடு படியும் பரப்பு அதிகம். பயணம் மெத்தென்று ஆனது, ஸ்டீரிங் இன்னும் கனத்தது.

1922-ல் டேவிஸ் வேலையை விட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கைக்கடிகாரத்துக்குப் பேர்போன வால்தம் ஊரில் சின்னப் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஜார்ஜ் ஜெசப் என்ற கைதேர்ந்த டூல்மேக்கர் உடன் சேர்ந்தார். ஓட்டுநருக்கு இயந்திரம் கைகொடுக்க வேண்டும் என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல. 1903-லேயே கொலம்பியா என்ற ஐந்து டன் லாரியில் முன்சக்கரத்தைத் திருப்பத் தனியாக ஒரு மின் மோட்டாரை வைத்துப் பார்த்திருந்தார்கள். அது அப்படியே நின்றுபோனது. டேவிஸ் எண்ணெய் அழுத்தத்தை நம்பினார்.

சிக்கல் அங்கேதான். தொழிற்சாலைப் பிரஸ்களில் எண்ணெயை எந்நேரமும் உச்ச அழுத்தத்தில் தேக்கி வைத்திருப்பார்கள். வேண்டும்போது வால்வைத் திறப்பார்கள். தரையில் போல்ட் போட்டு நிற்கும் பிரஸ்ஸுக்கு அது சரி. குலுங்கிக்கொண்டே ஓடும் காரில் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் கசியும், பம்பும் ஓயாமல் திணறும். டேவிஸ் இதைத் தலைகீழாகத் திருப்பினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும், எண்ணெய் அழுத்தமே இல்லாமல் சுற்றி வரட்டும் என்றார். வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்க மடையை லேசாக அடைத்தால் அங்கே மட்டும் மட்டம் ஏறுகிறது அல்லவா, அதே கதைதான். ஓட்டுநர் ஸ்டீரிங்கை ஒடிக்கும் விசையில் வால்வு மயிரிழை நகரும், ஒரு பக்கம் அடைபடும், அந்தப் பக்கம் அழுத்தம் எகிறிச் சக்கரத்தைத் தள்ளும். கையை விட்டால் வால்வு மறுபடி நடுவுக்கு வரும், அழுத்தம் இறங்கிவிடும். என் கணக்கில் இந்தக் கதையின் உண்மையான கண்டுபிடிப்பு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வார்ப்பும் கடைசலும். இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு: ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த இரும்புத் தொடர்பை அவர் அறுக்கவில்லை. எஞ்சின் நின்றுபோனாலும் பழைய மாதிரி முக்கித் திருப்பிக்கொள்ளலாம்.

1926 அக்டோபரில் டேவிஸ் இந்த அமைப்பைப் பொருத்திய அந்தப் பியர்ஸ்-ஆரோவை டெட்ராய்ட்டுக்கு ஓட்டிப்போய் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களுக்குக் காட்டினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கேடிலாக் காருக்கென்று ஒப்பந்தம் போட்டார்கள், வருடக்கணக்கில் மெருகேற்றினார்கள். 1931-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் பொருளாதார மந்தம் வந்து கேடிலாக் வாங்க ஆள் குறைந்துவிட்டது. கருவிகள் செய்யும் செலவுக்குக் கட்டாது என்று 1934-ல் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். 1936-ல் வாகனப் பாகங்கள் செய்யும் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு டேவிஸ் கைகோத்தார். அங்கும் கார்க் கம்பெனிகள் பிடிகொடுக்கவில்லை, போர்தான் கொடுத்தது. கவச வண்டியின் எடையை மனிதத் தோளால் மட்டும் எவ்வளவு நேரம் திருப்ப முடியும்? இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த செவ்ரோலே கவச வண்டிகளில் டேவிஸின் பவர் ஸ்டீரிங் ஏறியது.

சாதாரணச் சந்தைக்கு அது வந்தது 1951-ல், கிறைஸ்லர் இம்பீரியலில், 'ஹைட்ராகைடு' என்ற பெயரோடு. அந்த வருடம்தான் அதே காருக்கு 180 குதிரைத்திறன் கொண்ட ஹெமி வி-8 எஞ்சினும் வந்தது. பெரிய எஞ்சின் என்றால் முன்சக்கரத்தின் மேல் பெரிய பாரம். எஞ்சினும் ஸ்டீரிங்கும் சேர்ந்தே வளர வேண்டியிருந்தது. கிறைஸ்லர் எடுத்தாண்டவை டேவிஸின் காலாவதியான காப்புரிமைகள். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய காலம் முழுக்க அவற்றுக்கு உயிர் இருந்தது. விலைபோகிற நேரத்தில் ஆயுள் முடிந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு டேவிஸிடமே திரும்பி வந்தது. 1952-ல் கேடிலாக்கிலும் பவர் ஸ்டீரிங் கிடைத்தது. கிறைஸ்லருடையது எந்நேரமும் உதவும், விரலால் சுற்றலாம். சாலையைக் கை உணரவில்லையே என்று அதை ஓட்டியவர்கள் குறைசொன்னார்கள். அந்தக் குறையைப் பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பழைய உடம்பில் புதுப் பாகம் ஏற்றியதற்கு நம் ஊர் உதாரணம் அம்பாசிடர். 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்பு. 1990-களின் தொடக்கத்தில் அதற்குள் ஜப்பானிய வடிவமைப்பான இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் இந்துஸ்தான் மோட்டார்ஸே வைத்தது. பவர் ஸ்டீரிங் பிறகு வந்தது. பட்டறையில் செய்தால் ஒட்டுப்போட்டது, தொழிற்சாலையில் செய்தால் புது மாடல் என்று பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

டேவிஸின் முறையைப் பழைய காரில் ஏற்றுவது லேசான வேலையல்ல. பம்ப் எஞ்சினின் சக்தியில் ஓடுவது. அதற்குப் புல்லி வேண்டும், பெல்ட் வேண்டும், தாங்கிப் பிடிக்க பிராக்கெட் வேண்டும். நிறுத்துமிடத்தில் முழுக்க ஒடித்தால் ஐம்பது, அறுபது குதிரைத்திறன் உள்ள சின்ன எஞ்சின் திணறி அணைந்துவிடக்கூடும். அதனால் ஐரோப்பியப் பட்டறைகள் இப்போது மின்சார வழியில் போகின்றன. 1988-ல் சுசுகி செர்வோ காரில் மின்சார பவர் ஸ்டீரிங் வந்தது. கொலம்பியா லாரி கைவிட்ட அதே மின்மோட்டார், இந்தமுறை மின்னணு மூளையோடு. டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீரிங் தண்டோடு மோட்டார் இருக்கும் சின்ன கார்களிலிருந்து அந்தத் தொகுப்பைக் கழற்றிப் பழைய காரில் பொருத்துகிறார்கள். பிரிட்டனில் இதற்கு வாக்ஸ்ஹால் கோர்சாவின் தண்டு பிரசித்தம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எண்ணெய் ஒழுகாது. வண்டியின் வேகத் தகவல் வராவிட்டால் அது ஒரு நடுத்தர உதவியோடு நின்றுகொள்ளும். கூட்டிக் குறைக்கச் சின்னதாக ஒரு திருகுப் பெட்டி வைத்துவிடுவார்கள்.

ஆனால் எஞ்சினை இதிலும் தொடாமல் இருக்க முடியாது. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது மோட்டார் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ தருவதோ 22 ஆம்பியர். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைத்தாக வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்த பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் மின்னிணைப்பையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். அதற்குள் கை வைத்த பிறகு பாயிண்ட்டைக் கழற்றி எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட மெக்கானிக்குக் கை துறுதுறுக்கும். போடட்டும். ஸ்டீரிங் தண்டை அறுத்துப் பற்றவைப்பதில் மட்டும் நான் சமரசம் செய்யமாட்டேன். பல்வரி கொண்ட சரியான இணைப்பைக் கடைந்து வாங்க வேண்டும், காசு கூடினாலும் பரவாயில்லை. இந்தியாவில் எஞ்சினையே மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்; ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும், மாற்றத்தை ஆர்சியிலும் பதிவு செய்ய வேண்டும்.