பழையதும் பாந்தாவும்: வங்கத்து உப்பின் கதை

கொல்கத்தாவில் வாழும் நாம் ‘சால்ட் லேக்’ என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். அந்த உப்பு எங்கே போச்சு என்று யோசித்ததுண்டா? நகரின் கிழக்கே கிடந்த உவர்நீர்ச் சதுப்பு அது. 1960களில் தூர்த்து ஊராக்கினார்கள். அப்பகுதியின் மகிஷ்பாதானில்தான் 1930-இல் சதீஷ் சந்திர தாஸ்குப்தா தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது.

உப்புக்கு ஏன் போராட்டம்? வங்காளிகளின் பழமொழி ஒன்று விடை சொல்கிறது: “நூன் ஆன்தே பாந்தா ஃபுராய்.” உப்பு வாங்கி வருவதற்குள் பாந்தா தீர்ந்துவிடுகிறது என்று பொருள். பாந்தா வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ப் பழையதுதான். இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் உப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு உண்பது. எண்ணெய், இனிப்பு இல்லாமல் ஒப்பேற்றலாம். உப்பில்லாமல் தொண்டையில் இறங்காது. கடலோர நாட்டில் அந்த உப்புக்கே திண்டாட்டம்!

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உப்பைக் கம்பெனியின் பிடிக்குள் கொண்டுவந்தார். மேதினிப்பூர் மாவட்டத்தின் ஹிஜ்லி, தம்லுக் பகுதிகளில் ‘மலங்கி’ எனப்பட்ட தொழிலாளர்கள் உவர்நீரை விறகிட்டுக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். கங்கையின் நன்னீர் கலந்து, காற்றிலும் ஈரம் நிறைந்த வங்கத்தில் அது எளிதல்ல. அக்காலத்தில் நம் கரை உப்பும் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. நம்மில் பலர் வருமுன்பே நம் உப்பு இங்கே வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பின்னர் இங்கிலாந்தின் செஷயர் உப்பு லிவர்பூலிலிருந்து வந்து குவிந்தது. 1860களில் வங்கத்தில் உப்புக் காய்ச்சும் தொழிலை அரசு கைவிட்டது, மலங்கிகள் பிழைப்பிழந்தார்கள். ஆனால் வரி போகவில்லை. 1888-இல் ஒரு மணங்குக்கு (சுமார் 37 கிலோ) இரண்டரை ரூபாய். பணக்காரர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் ஆளுக்கு வேண்டிய உப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலில் வேர்வை சிந்துகிறவருக்குக் கூடவே வேண்டும். ஆகவே வரியின் பாரம் ஏழையின் தலையில்தான் விடிந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அதே மாதம் மேதினிப்பூரின் கடலோரக் கிராமத்து மக்களும் உப்புக் காய்ச்சி அடிபட்டார்கள். 1947-இல் வரி ஒழிந்தது.

இன்று கதை தலைகீழ். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் சராசரியாக 8 முதல் 11 கிராம் வரை உண்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சிப்ஸும் நூடுல்ஸும் பிஸ்கட்டும் சரம் சரமாய்த் தொங்குகின்றன. பழையதில் போட்ட உப்பு, விரலால் அள்ளிப் போட்டது. அளவு கண்ணுக்குத் தெரிந்தது. பொட்டலத்துக்குள் இருக்கும் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரத்த அழுத்தம் ஏறிய பிறகுதான் தெரிகிறது.

நாம் மட்டும் என்ன? லேக் மார்க்கெட்டில் அப்பளம், ஊறுகாய், வத்தல் வாங்குகிறோம். மாலையில் சிங்காடா, ரசகுல்லா. இரண்டு ஊர் ருசியும் ஒரே வயிற்றில்!

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்றார்கள் பெரியோர். நமக்கு உப்பிட்ட ஊர் இது. அதன் மலங்கிகளை நினைப்போம். இலையில் வைக்கும் உப்பின் அளவையும் கொஞ்சம் நினைப்போம்.