ஆபீஸ் மசாஜும் எடோவின் குழல் சத்தமும்

ஐடி கம்பெனி சலுகைகள்னு பேச்சு வந்தாலே, கூகுள் மசாஜ் கதையை யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. 1999-இல் போனி பிரவுன் என்ற பெண் வாரம் 450 டாலருக்கு அங்கே பகுதிநேர மசாஜ் வேலையில் சேர்ந்தார். கம்பெனியில் அப்போ சுமார் 40 பேர்தான். ஐந்து வருஷத்தில் வேலையை விட்டபோது, ஸ்டாக் ஆப்ஷன் அவரைக் கோடீஸ்வரி ஆக்கியிருந்தது.

நல்ல கதைதான். ஆனா எனக்கு இதுக்கு முந்தின கதைதான் பிடிக்கும்.

ஆபீஸுக்கே வந்து, நாற்காலியில் உட்கார வெச்சு, சட்டையைக் கழற்றாமலே கால் மணி நேரம் பிடித்துவிடும் முறையை 1980-களில் அமெரிக்காவில் பரப்பியவர் டேவிட் பால்மர். ஆப்பிள் அவருடைய ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று. அவர் கற்றுக்கொண்டது ஜப்பானின் 'அன்மா' முறை. அமெரிக்காவில் அதை 'அம்மா'ன்னே எழுதுறாங்க. அலுப்பு தீர நமக்கும் அதே வார்த்தைதானே!

ஜப்பானில் இது பாரம்பரியமா பார்வையற்றவர்களின் தொழிலா இருந்தது. எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோவுக்கு எடோன்னு பேர் இருந்த நாட்களில், ராத்திரி தெருவில் குழல் சத்தம் கேட்டா அன்மாக்காரர் வர்றார்னு அர்த்தம். சிறுவயதிலேயே பார்வை இழந்த சுகியாமா வாயிச்சி, 17-ஆம் நூற்றாண்டில் ஷோகுனுக்கே வைத்தியம் பார்த்து, அந்தச் செல்வாக்கில் பார்வையற்றவர்களுக்கு அக்குபங்சரும் அன்மாவும் சொல்லித்தரும் பள்ளியை நிறுவினார். பார்வையற்றவர்களுக்கென்று பெரிய சங்கமும் இருந்தது. 1871-இல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. சங்கம் தந்த பாதுகாப்பும் அதோட போச்சு.

பிறகு, பார்வை உள்ளவர்களும் கூட்டமா இந்தத் தொழிலுக்கு வந்தாங்க. போட்டி தாங்காமல் பார்வையற்றவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1964-இல் அரசு சட்டத்தைத் திருத்தியது: பார்வையற்றவர்களின் வாழ்வாதாரத்துக்குத் தேவைப்பட்டால், மற்றவர்களுக்கான புதிய அன்மா பயிற்சிப் பள்ளிக்கு அனுமதி மறுக்கலாம்.

இங்கேதான் ஆபீஸ் திரும்ப வருது. ஜப்பான் கம்பெனிகளில் 'ஹெல்த் கீப்பர்'னு ஒரு பதவி உண்டு. மூன்று வருஷம் படித்து, தேசியத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பார்வையற்றவர், கம்பெனி ஊழியராகவே தனி அறையில் வேலை பார்ப்பார். கழுத்து வலிக்காரர்கள் நேரம் பதிவு செய்து போவாங்க. கம்பெனிக்கும் இதில் கணக்கு உண்டு: 40 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனங்களில் 2.5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருந்தாகணும்னு 2024 ஏப்ரலில் விதி வந்தது. ஹெல்த் கீப்பரும் அந்தக் கணக்கில் சேருவார்.

எனக்கு இதில் ரெண்டு மனசு. மாசச் சம்பளம், சக ஊழியர் என்ற இடம், இதெல்லாம் தெருவில் குழல் ஊதியவருக்குக் கிடைக்காதவை. அதே சமயம், பார்வையில்லாத ஒருத்தருக்கு வேலைன்னதும் முதலில் மசாஜ் அறையையே காட்டுவது, அவர் வேற எதுக்கும் லாயக்கில்லைன்னு சொல்ற மாதிரியும் ஆயிடும். ஆனா சட்டத்தை எடுத்துட்டா முதலில் அடிவாங்கப்போறது யார்னு யோசிச்சா, நான் சட்டத்தின் பக்கம்தான் நிற்பேன்.

ஒரு பயிற்சிப் பள்ளி நிர்வாகம், இந்தத் தடை தொழில் சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்பிரிவில் இருக்கும் வார்த்தை என்ன தெரியுமா? 'தற்போதைக்கு'. தீர்ப்பு வந்தப்போ அந்தத் 'தற்போதைக்கு' கிட்டத்தட்ட 58 வயசு.