கிளாபர் உப்பும் வெப்பச் சேமிப்பும்: தேர்வு அளவுகோல் குறித்து ஒரு மறுபரிசீலனை

நிலைமாற்றப் பொருள்களில் வெப்பத்தைச் சேமிப்பது பற்றிய ஆய்வுகளில் தவறாமல் இடம்பெறும் அட்டவணை ஒன்று உண்டு: பொருள், உருகுநிலை, உள்ளுறை வெப்பம். உள்ளுறை வெப்பம் மிகுந்ததே சிறந்தது என்னும் முன்முடிவு அந்த அட்டவணையின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. ஆனால் ஒரு பொருள் முதல்முறை உருகும்போது ஏற்கும் வெப்பத்தைவிட, உருகி உறையும் சுழற்சி பல நூறு முறை நிகழ்ந்த பின்னும் அது திருப்பித் தரும் வெப்பமே முக்கியமான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தக்க சான்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவரில் 1948இல் எழுந்த சூரிய வீடு. வெப்ப அமைப்பை மரியா டெல்கஸும் கட்டடத்தை எலினோர் ரேமண்டும் வடிவமைத்தனர். அமீலியா பீபாடி செலவை ஏற்றார். தெற்கு நோக்கிய கண்ணாடிகளுக்குப் பின்னிருந்த கருந்தகடுகளில் சூடேறிய காற்றை விசிறிகள் கிளாபர் உப்பு நிரப்பிய கலங்களுக்குச் செலுத்தின. சோடியம் சல்பேட்டின் பத்து நீர் மூலக்கூறுப் படிகமான இவ்வுப்பு 32.4 பாகை செல்சியசில் உருகுகிறது. அப்போது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 250 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. ஒரு கிலோகிராம் நீரை 10 பாகை சூடேற்றினால் சேர்வது 42 கிலோஜூல்தான். ஏறக்குறைய ஆறு மடங்கு ஆதாயம்! எனினும் மூன்றாம் குளிர்காலத்திலேயே அமைப்பு தளர்ந்தது. பின்னர் வழக்கமான வெப்பமூட்டி அதன் இடத்தைப் பிடித்தது.

கலங்களின் அரிப்பும் கசிவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவை கலத்தை மாற்றினால் தீரும். உப்பின் இயல்பில் உள்ள குறை அவ்வாறு தீராது. 100 கிராம் கிளாபர் உப்பில் 44 கிராம் சோடியம் சல்பேட்டும் 56 கிராம் நீரும் உள்ளன. உருகுநிலையில் அந்த நீரால் கரைக்க முடிவது சுமார் 28 கிராம் மட்டுமே. எஞ்சிய 16 கிராம், அதாவது சோடியம் சல்பேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், நீரற்ற திண்மமாக அடியில் படிகிறது. குளிரும்போது இப்படிவின் மேற்பரப்பில் புதிய படிகங்கள் ஓடுபோல் மூடிக்கொள்ள, உள்ளிருப்பது நீருடன் மீண்டும் சேர வழியில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் இப்படிவு கூடக்கூடச் சேமிப்புத் திறன் குறைந்துகொண்டே போகிறது. 250 என்ற எண் இதில் எதையும் காட்டுவதில்லை.

சேர்மானங்கள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. உறைநிலைக்குக் கீழே சென்றும் உறையாத மீக்குளிர்வைச் சிறிதளவு வெண்காரம் தடுக்கும் என டெல்கஸே காட்டினார். படிவைத் தடுக்கக் களிமண்ணால் கெட்டிப்படுத்திய கலவைக்கு 1976இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் சேர்க்கும் களிமண் உருகி வெப்பம் ஏற்பதில்லை. நிலைப்புத்தன்மைக்கு விலையாகத் திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அட்டவணையில் முதலிடம் பெற்ற பொருள் பயன்பாட்டில் அவ்விடத்தை இழக்கவும் கூடும்.

மறுபுறம், பாரஃபின் மெழுகு படிவின்றிச் சீராக உருகி உறையும். அதன் குறை வேறு: வெப்பங்கடத்துத் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட் அளவே. சேமித்த வெப்பம் நிறைய இருந்தும் வேண்டிய வேகத்தில் வெளிவராது. உலோகத் தகடுகளோ கிராஃபைட்டோ துணைக்கு வர வேண்டும். மெழுகு தீப்பற்றும் என்பதும் கட்டடங்களில் புறக்கணிக்கத்தக்கதன்று.

இடத்தின் தட்பவெப்பமும் அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. பகலில் உருகியது இரவில் உறைந்தால்தான் மறுநாள் பயன்படும். கோடையில் பல இரவுகள் 27 பாகைக்குக் கீழே இறங்காத சென்னையில், 24 பாகையில் உருகும் பொருளைச் சுவரில் பதித்தால் அது நாள்கணக்கில் திரவமாகவே கிடக்கும். அதன் உள்ளுறை வெப்பம் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயன் சுழியே.

ஆகவே தேர்வின் வரிசை மாற வேண்டும்: முதலில் இடத்துக்கேற்ற உருகுநிலை, அடுத்துச் சுழற்சி நிலைப்பு, பின்னர் வெப்பம் ஏறி இறங்கும் வேகம், கடைசியில்தான் உள்ளுறை வெப்பம். புதிய பொருளை அறிமுகப்படுத்தும் ஆய்வாளர்கள் தொடக்க மதிப்புடன் நிறுத்தாமல், பல நூறு சுழற்சிகளுக்குப் பிந்தைய மதிப்பையும் அதன் அருகிலேயே தர வேண்டும்.